சுண்டுவிரல் வளைவு

ரோஸ்கோ டின்ஸ்லி தன் ராக்கெட்டை இரண்டு கைகளாலும் ஏந்தி வந்து, பிறந்த குழந்தையைத் தராசில் கிடத்துவதுபோல் பரிசோதனை மேசைமேல் வைத்தபோது, சிறு ராக்கெட் விடும் கிளப்பின் பரிசோதகர் லீலண்ட் ஹ்ருஸ்கா சிரிப்பதற்குத் தயாராக இருந்தார். ரோஸ்கோவின் கைவண்ணம் கிளப்பில் அப்படிப் பேர்போனது. வாலில் ஒட்டும் இறக்கைகளில் ஒன்று கிழக்கே பார்த்தால் இன்னொன்று டெக்சாஸைப் பார்க்கும். பெயிண்ட் காய்வதற்குள் தொட்டுப் பார்த்துவிடுவார் என்பதால் அவருடைய ராக்கெட் ஒவ்வொன்றிலும் கட்டைவிரல் ரேகை தெளிவாகப் பதிந்திருக்கும். ஊரில் ஏதாவது திருட்டுப் போனால் போலீஸ் இங்கே வந்து ரேகை எடுத்துக்கொள்ளலாம் என்று கார்லா உன்ரூ சொல்லுவாள். கிளப்பை நடத்துகிறவள் அவள்தான். ராக்கெட் விடும் இந்தப் புல்பண்ணையும் அவளுடையது. ரோஸ்கோவுக்குக் கோபமே வராது. தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்க நாய்களிடம் கடிபட்டும் நாய்களைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை சொல்லாத மனிதர்.

ஆனால் மேசையில் கிடந்ததைப் பார்த்ததும் லீலண்டுக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த வருடப் போட்டிக்குக் கார்லா வசந்தத்திலேயே தலைப்புக் கொடுத்திருந்தாள்: ஒலியை முந்திப் பறந்த பயணிகள் விமானம், ராக்கெட் உருவத்தில். எல்லோரும் கான்கார்டைத்தான் எடுத்தார்கள், லீலண்ட் உட்பட. ரோஸ்கோ வேறொன்றை எடுத்திருந்தார். அமெரிக்கா கட்டப் போவதாகச் சொல்லி, மரத்தில் ஒரு மாதிரியை மட்டும் செய்து வைத்துவிட்டுக் கைவிட்ட விமானம் அது. ஊசிபோல் நீண்ட மூக்கு, தோளிலிருந்தே விரிய ஆரம்பிக்கும் முக்கோண இறக்கை, அதன் அடியில் நான்கு இன்ஜின் பெட்டிகள். ஜன்னல்கள் இரண்டு பக்கமும் எறும்பு வரிசைபோல் ஒரே சீராக ஓடின. உடலில் ஒரு ரேகை கிடையாது.

லீலண்ட் சட்டைப்பையிலிருந்து சின்ன டார்ச்சையும், பல் டாக்டர் வைத்திருப்பதுபோன்ற குட்டிக் கண்ணாடியையும் எடுத்தார். விச்சிடாவில் ஒரு விமானத் தொழிற்சாலையில் முப்பது வருடம் அவர் செய்த வேலை அதுதான். அடுத்தவன் அடித்த ஆணியைப் பார்ப்பது, அடுத்தவன் பூசிய பசையைப் பார்ப்பது, எங்கே தப்புச் செய்திருப்பான் என்று யோசிப்பது. சந்தேகப்படுவதற்குத்தான் அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு அதை எங்கே கழற்றி வைப்பது என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கண்ணாடியை இறக்கைக்கு அடியில் நீட்டினார். இறக்கையும் உடலும் சேருகிற மூலையில் மரப்பிசினை வைத்து, அது காய்வதற்குள் விரலால் ஒரே இழுப்பாக இழுத்துவிட வேண்டும். கோணம் மறைந்து வளைவு வரும். காற்று வழுக்கிக்கொண்டு போகும். கிளப்பில் ஒவ்வொருவருக்கும் ஒரு கை உண்டு. ஐஸ் குச்சியால் இழுப்பவர்கள் இருக்கிறார்கள், டீஸ்பூனின் முதுகால் இழுப்பவர்கள் இருக்கிறார்கள். லீலண்டின் கண்ணில் இப்போது பட்ட வளைவு ஒல்லியாக, சுண்டுவிரல் அளவே ஆன ஒரே அகலத்தில், மூக்குப் பக்கத்திலிருந்து வால் பக்கம்வரை மூச்சு விடாமல் இழுத்ததுபோல் இருந்தது. முடிகிற இடத்தில் மட்டும், விரலை எடுத்தபோது பிசின் கொஞ்சம் எழும்பி, காற்புள்ளியின் வால்போல் நின்றிருந்தது.

அந்த வாலை அவருக்குத் தெரியும். சொந்தக் கையெழுத்தைவிட நன்றாகத் தெரியும்.

"இந்த மூலையில பிசினை எதால இழுத்தே?" என்று கேட்டார்.

"விரலாலதான். வேற எதால இழுப்பாங்க?"

"எந்த விரல்?"

ரோஸ்கோ தன் இரண்டு கைகளையும் விரித்து, யாரோ கொடுத்துவிட்டுப் போன பார்சலைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு வலது கட்டைவிரலை நீட்டினார். மாட்டுக்கு லாடம் அடிக்கிறவனுக்கு இருப்பதுபோன்ற கட்டைவிரல் அது. "இதாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன்" என்றார்.

"நினைக்கிறியா?"

"ஏம்ப்பா, பிசின் போடறப்ப விரலையா எண்ணிக்கிட்டு இருப்பாங்க?"

லீலண்ட் டார்ச்சை அணைத்தார். போட்டியில் எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. யார் கட்டினாரோ அவர்தான் பறக்கவிட வேண்டும். அடுத்தவர் கையால் கட்டியதைத் தன்னுடையது என்று கொண்டு வந்தால் அந்த இடத்திலேயே வெளியே. இது ரோஸ்கோ கட்டியதில்லை என்று அவர் வாய் திறந்து சொன்னால் போதும். அப்புறம் யார் கட்டியது என்ற கேள்வி வரும். அதற்கும் அவரே பதில் சொல்ல வேண்டும்; இத்தனை பேருக்கு முன்னால் தன் மனைவியின் பெயரைச் சொல்ல வேண்டும்.

நோரீன் அந்தப் பக்கம் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் நின்று, பெரிய மின்சாரப் பானையில் இறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லிக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தட்டு நிறையப் பட்டை மணக்கும் ரொட்டிச் சுருள்கள். கான்சாஸ்காரர்கள் அந்த இனிப்புச் சுருளைக் காரமான சில்லியில் தோய்த்துத்தான் சாப்பிடுவார்கள். தெற்கிலிருந்து அடித்த காற்றுக்குக் காகிதத் தட்டுகள் பறக்காமலிருக்க அவற்றின்மேல் ஒரு கல்லை வைத்திருந்தாள். அவள் இந்தப் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கவே கூடாது என்று தீர்மானித்துக்கொண்டவளைப்போல் பானையையே பார்த்தாள். அதுவும் அவருடைய கணக்கில் சேர்ந்தது.

அவர்கள் இரண்டு பேரும் ஒரே அணியாக வருடக்கணக்கில் பறக்கவிட்டவர்கள். ஹ்ருஸ்கா அண்ட் ஹ்ருஸ்கா. வெட்டுவது, தேய்ப்பது, பெயிண்ட் அவருடைய பொறுப்பு. பிசினும் சமநிலையும் அவளுடையது. நோரீனுக்குப் பல் செட் செய்யும் லேபில் வேலை. ஊர்க்காரர்களில் பாதிப் பேருடைய பொய்ப்பல் அவள் விரலில் உருண்டு போனதுதான். நாலு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், கண் ஒத்துழைக்கவில்லை, இனி நீயே பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டாள். அவரும் சரி என்றார். அதே கண்ணை வைத்துக்கொண்டு தினமும் லேபில் கடுகளவு பல்லைச் செதுக்குகிறாளே, அது எப்படி என்று அன்றைக்கு ஏன் கேட்கவில்லை? ஊரில் உள்ளவன் அடித்த ஆணியையெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தவர், இதை விட்டுவிட்டார்.

அப்புறம் வியாழக்கிழமைகள். சர்ச்சில் நிதி திரட்டும் விற்பனைக்காகப் பெண்கள் சேர்ந்து போர்வை தைக்கிறோம் என்று வசந்தத்திலிருந்து ஒவ்வொரு வியாழன் மாலையும் காரை எடுத்துக்கொண்டு போனாள். ஒரு துண்டுத் துணிகூட வீட்டுக்கு வந்ததில்லை. ஸ்வெட்டர் கையில் வெள்ளைத் தூள் இருக்கும். ஆனால் லேபில் பிளாஸ்டர் தூளிலேயே நாளெல்லாம் உட்காருகிறவளுக்கு அது எப்போதும்தான் இருக்கும். இப்போது யோசித்துப் பார்த்தால் அந்தத் தூளில் ராக்கெட் செய்யும் பால்சா மரத்தின் வாசனை இருந்திருக்குமோ? முகர்ந்து பார்க்கத் தோன்றவில்லையே என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

"என்னப்பா, பாஸா ஃபெயிலா?" என்றார் ரோஸ்கோ.

"சுத்திப் பாக்கணும்."

இந்த மாதிரி உருவங்களுக்கு அது தேவைதான், பழி வாங்குவது இல்லை என்று லீலண்ட் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாதாரண ராக்கெட்டுக்கு இறக்கை வாலில் மட்டும் இருக்கும், வம்பில்லை. ஒலியை முந்தும் விமானத்துக்கு இறக்கை முன்னாலிருந்தே வருவதால், மூக்கில் போதிய களிமண் அடைக்காவிட்டால் ராக்கெட் நடுவானில் புரண்டு, வாலை முன்னால் நீட்டிக்கொண்டு, பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தலைமேலேயே வந்து விழும். அதற்குத்தான் கயிறு. ராக்கெட்டின் சமநிலைப் புள்ளியில் கயிற்றைக் கட்டி, தலைக்குமேல் வட்டமாகச் சுற்ற வேண்டும். மூக்கு முன்னால் போனால் நல்லது. வால் முன்னால் வந்தால் ஆபத்து. சுற்றுகிறவனுக்குத் தலை சுற்றும், சரியாகப் பார்க்க முடியாது. ஆகவே இன்னொருவர் எட்ட நின்று பார்த்துச் சொல்ல வேண்டும். சுற்றி முடிக்கும்போது வேகம் குறைந்து ராக்கெட் கீழே விழுந்தால் இறக்கை முறிந்துவிடும். அதனால் பார்த்துச் சொல்கிறவர்தான் கையை நீட்டிப் பிடிக்கவும் வேண்டும்.

"கார்லா, இதைக் கொஞ்சம் பாரேன்" என்று கூப்பிட்டுவிட்டு லீலண்ட் திறந்த வெளியில் போய் நின்று சுற்ற ஆரம்பித்தார். அது வால் முன்னால் வரவேண்டும் என்று அவர் விரும்பினார். அந்த விருப்பத்தைத் தன் மனசுக்குள் கண்டு அவர் வெட்கப்படவும் இல்லை. கயிறு கையில் இறுகியது. புல்வெளி, மடக்கு நாற்காலிகள், பிக்அப் லாரிகள், தூரத்துத் தானியக் கிடங்கு எல்லாம் அவரைச் சுற்றி ஓடின.

"மூக்கு நேரா போவுது" என்று கார்லா கத்தினாள். "அம்பு மாதிரி போவுது லீலண்ட். போதும், நிறுத்துங்க."

அவர் கையைத் தளர்த்தினார். வட்டம் சுருங்கியது, ராக்கெட் தள்ளாடியது. கார்லா தூரத்தில் இருந்தாள். ரோஸ்கோ ஒன்றும் புரியாமல் கைகளைப் பையில் விட்டுக்கொண்டு நின்றார். அப்போது சாப்பாட்டு மேசைப் பக்கமிருந்து, கரண்டியை அப்படியே பானையில் போட்டுவிட்டு, நோரீன் ஓடிவந்தாள். குனிந்து வட்டத்துக்குள் நுழைந்து, இரண்டு கைகளையும் ஏந்தி, மூக்குக்குக் கீழே ஒன்றும் இறக்கைக்குக் கீழே ஒன்றுமாக ராக்கெட்டை வாங்கிக்கொண்டாள். அவர்களுடைய எத்தனையோ ராக்கெட்டை அவள் அப்படித்தான் வாங்கியிருக்கிறாள். வாங்கியபிறகுதான் தான் என்ன செய்தோம் என்பது அவளுக்கு உறைத்தது. முகம் சிவந்துபோனது.

லீலண்ட் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "பாஸ்" என்றார்.

சாப்பாட்டு மேசைக்குப் போய்த் தட்டை எடுத்தார். நோரீன் கேட்காமலே சில்லியை ஊற்றினாள்.

"போர்வை வேலை எவ்வளவு தூரத்துல இருக்கு?" என்றார்.

"போர்வை இல்லைன்னுதான் தெரிஞ்சிபோச்சே. அப்புறம் என்னத்துக்குப் போர்வையைக் கேக்கறே?"

"எத்தனை நாளா?"

"கார்லா தலைப்புச் சொன்னதுலேர்ந்து."

"அவன் வீட்டுலயா?"

"அவன் கராஜுல. ஒரு ஃபேன்கூட இல்லை. ஜூலை மாசத்துல ரெண்டு பேரும் வெந்துபோனோம்."

அந்த ரெண்டு பேரும் என்பதைக் கேட்டு லீலண்ட் ரொட்டிச் சுருளைச் சில்லியில் போட்டு அழுத்தினார். "கட்டினவங்கதான் பறக்கவிடணும். விதி தெரியுமில்ல?"

"ரெண்டு பேர் பேரையும் குடுத்திருக்கோம். டின்ஸ்லி அண்ட் ஹ்ருஸ்கா. கார்லாவுக்குத் தெரியும்."

"வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

அவள் மைதானத்தைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். மடக்கு நாற்காலிகளில் இருந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கணத்தில் தங்கள் பாராசூட்டை மடிப்பதில் பெரிய அக்கறை வந்துவிட்டது. ஆக, எல்லோருக்கும் தெரியும். பரிசோதகர் ஒருவரைத் தவிர ஊருக்கே தெரியும்.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா வந்து பாப்பே. பாத்தா தேய்ப்பே."

அவர் வாயிலிருந்த ரொட்டியை மென்று முடிக்க வெகுநேரம் ஆயிற்று. அவளுடைய வளைவின் கடைசியில் நிற்கும் அந்த வாலை, அவள் தூங்கப் போன பிறகு உப்புத்தாளை மடித்துக்கொண்டு இரண்டே தேய்ப்பில் எடுத்துவிடுவார். காற்றைத் தடுக்கும், நடுவர்கள் மார்க்கைக் குறைப்பார்கள் என்பதற்காகத்தான். அதை ஒரு உதவியாகத்தான் நினைத்திருந்தார். அவள் ஒருநாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. அவளுக்குத் தெரியாது என்று முடிவு கட்டியிருந்தார்.

"நாளெல்லாம் பல்லு தேய்க்கறவ நான்" என்றாள் நோரீன். "நான் போட்டதுல ஒரு மயிரிழை குறைஞ்சாலும் என் விரலுக்குத் தெரியாதா? எத்தனை வருஷம் பாத்தேன். ஒரே ஒரு தடவையாவது விட்டுவைப்பியான்னு பாத்தேன்."

"காத்து தடுக்குமேன்னுதான்."

"ஆமா. காத்து தடுக்கும்."

வரிசையில் பின்னால் யாரோ தட்டோடு வந்து நின்றார்கள். அவள் அவர்களுக்குச் சிரித்துக்கொண்டே பரிமாறினாள். அவர்கள் போனதும் லீலண்ட் குரலைத் தாழ்த்தி, "அவ்வளவுதானா நோரீன்? வேற ஒண்ணுமில்லையா?" என்றார்.

அவள் கரண்டியை நிறுத்தினாள். "நீ என்ன கேக்கறே? நேராக் கேளு."

அவர் நேராகக் கேட்கவில்லை. கேட்டால் அவள் பதில் சொல்லுவாள். இல்லை என்றுதான் சொல்லுவாள். அந்த இல்லையை டார்ச் அடித்துப் பார்க்க முடியாது, கண்ணாடியை நீட்டி அடிப்பக்கத்தைப் பார்க்க முடியாது. தட்டைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு நடந்தார்.

ரோஸ்கோவின் முறை வந்தது. கம்பியில் ராக்கெட்டை மாட்டி, வயரை இணைத்துவிட்டு அவர் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார். கார்லா மைக்கில் எண்ணினாள். வெள்ளை ஊசி ஒன்று சீறிக்கொண்டு கிளம்பி, கோடு போட்டதுபோல் நேராக மேலே போயிற்று. ஒரு நடுக்கம் இல்லை, ஒரு சாய்வு இல்லை. காற்று அதைத் தடுக்கவும் இல்லை. உச்சியில் புகை கக்கி, ஆரஞ்சு நிறப் பாராசூட் விரிந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். லீலண்ட் மட்டும் நோரீனைப் பார்த்தார். அவள் நெற்றியில் கையை வைத்து வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ராக்கெட்டைப் பார்க்கிற முகம்தான். ரோஸ்கோ பக்கத்து வயலில் அறுத்து விட்ட சோளத்தட்டைகளுக்கு நடுவே பாராசூட்டைத் துரத்திக்கொண்டு ஓடியபோது அந்தப் பக்கம் அவள் கண் போகிறதா என்று பார்த்தார். போயிற்று. ஆனால் ராக்கெட்டும் அந்தப் பக்கம்தான் இறங்கியது. இதை வைத்து என்ன முடிவுக்கு வருவது?

ரோஸ்கோ மூச்சு வாங்கத் திரும்பி வந்து, எல்லோருக்கும் காட்டுவதுபோல் ராக்கெட்டைத் தூக்கிப் பிடித்தார். "ஒரு கீறல் இல்லை நோரீன். நம்ம புள்ள முழுசாத் திரும்பிட்டா."

கை தட்டினார்கள். லீலண்டும் தட்டினார். தட்டாவிட்டால் கவனிப்பார்கள்.

அடுத்தது அவர் முறை. அவருடைய கான்கார்ட் பிக்அப்பின் பின்பக்கம் போர்வை விரித்த பெட்டியில் கிடந்தது. அடுக்கடுக்காக வெள்ளை பெயிண்ட் பூசி, ஒவ்வொரு பூச்சையும் தேய்த்து, பீங்கான் கோப்பைபோல் பளபளப்பாக்கியிருந்தார். காலையில் கார்லாதான் அதைப் பரிசோதித்தாள், பரிசோதகர் தன்னுடையதைத் தானே பார்த்துக்கொள்ளக் கூடாது என்பதால். பரிசோதனை என்று சொல்வதற்கில்லை. "உங்க வேலையை நான் பாக்கறதாவது" என்று சொல்லி, தொட்டுக்கூடப் பார்க்காமல் சீட்டை ஒட்டிவிட்டாள். அப்போது அது அவருக்குப் பெருமையாக இருந்தது.

ராக்கெட்டை எடுத்துக்கொண்டு மேசைகளைக் கடந்தபோது நோரீன் குறுக்கே வந்தாள். அதன் இறக்கையைப் பார்த்தாள். தொடவில்லை.

"பெயிண்ட் அடிச்சப்புறம் சுத்திப் பாத்தியா?"

"பாக்காம இருப்பேனா?"

"யாரு பாத்துச் சொன்னா?"

"நீ உன் புள்ளையப் பாரு நோரீன்."

அவள் ஒதுங்கி வழி விட்டாள். அவர் ஏவுமேடையை நோக்கி நடந்தார். என்ன தைரியம். தங்களுடையது பத்திரமாக இறங்கியாகிவிட்டது. இன்னும் பறக்காத ஒன்று, அவர்களை ஜெயிக்கக்கூடிய ஒன்று, இவருடையதுதான். இந்த நேரத்தில் ஒரு சந்தேகத்தை விதைத்தால் போதும், அவர் தானாகவே விலகிவிடுவார் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். அவரை அவளைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ரோஸ்கோவுக்கு இவ்வளவு சூட்சுமம் போதாது. அவள்தான் யோசித்திருக்க வேண்டும். அல்லது அந்த கராஜில், வெக்கையில், இரண்டு பேரும் சேர்ந்து யோசித்துச் சிரித்திருக்க வேண்டும்.

கம்பியில் மாட்டினார். வயர்களை இணைத்தார். குனிந்திருந்தபோது பளபளவென்ற இறக்கையில் தன் முகம் தெரிந்தது. சுற்றிப் பார்த்தது ஆகஸ்டில். பெயிண்ட் பூசுவதற்கு முன்னால், வெறும் மரமாக இருந்தபோது. வீட்டுப் பின்புறத்தில் அவர் மட்டும் தனியாக நின்று சுற்றினார். பார்த்துச் சொல்ல ஆளில்லை. கண்ணோரத்தில் பட்டதை வைத்துச் சரியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அத்தனை பூச்சு. பெயிண்டெல்லாம் போய்ச் சேருவது அகலமான இடத்தில், இறக்கையில், அதாவது வால் பக்கம்; வால் கனத்தால் அதுதான் முன்னால் வரும். பெயிண்டுக்கு அப்புறம் இன்னொரு தடவை சுற்று என்று ஒவ்வொரு வருடமும் நச்சரிப்பவள் நோரீன். அவள் அணியை விட்டு விலகிய பிறகு அந்த நச்சரிப்பும் போயிற்று, கூடவே அந்த வேலையும் போயிற்று.

கார்லா மைக்கில், "எல்லாரும் மேல பாருங்க, லீலண்ட் ஹ்ருஸ்காவோட கான்கார்ட்" என்றாள். அவர் திரும்பினார். நாற்காலிகளில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அண்ணாந்திருந்தார்கள். ஒருவர் முகத்திலும் பயம் இல்லை. அவர் பார்த்துவிட்டது என்றால் பயமில்லை என்று பழகிப்போன முகங்கள்.

அவர் கையை உயர்த்தினார். "நிறுத்து கார்லா."

வயர்களைக் கழற்றினார், பற்றவைக்கும் திரியை உருவிப் பையில் போட்டுக்கொண்டார். ராக்கெட்டைக் கம்பியிலிருந்து எடுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். அந்த நடை எவ்வளவு நீளம் என்று இத்தனை வருடத்தில் அவருக்குத் தெரிந்ததில்லை. திறந்த வெளியில் நின்று சட்டைப்பையிலிருந்து கயிற்றை எடுத்துக் கட்டினார். "கார்லா, வந்து பாரு."

"ஏவ ஆரம்பிச்சப்புறம் நான் பட்டன் மேசையை விட்டு எந்திரிக்கக் கூடாது" என்றாள் கார்லா மைக்கிலேயே. "நீங்க போட்ட ரூல்தான்."

"நான் வேணும்னா பாக்கட்டுமா?" என்று ரோஸ்கோ ஒரு அடி முன்னால் வந்தார்.

"உன் கண்ணை நான் நம்பறதுக்கில்லை."

அதை வேடிக்கையாகச் சொல்ல நினைத்தார், வேடிக்கையாக வரவில்லை. ரோஸ்கோவுக்கு இந்தத் தடவை முகம் சுருங்கியது. எல்லோருடைய கண்ணும் ஒரே இடத்துக்குப் போயிற்று. நோரீன் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் அவளைக் கேட்கவில்லை. அவளும் வரட்டுமா என்று கேட்கவில்லை. அவர் கயிற்றை நீள விட்டுச் சுற்ற ஆரம்பித்தார்.

காற்று பலமாக இருந்தது. வெள்ளை உருவம் தலைக்குமேல் ஏறியது. கையில் அது ஒரே சீராக இழுக்கவில்லை, வெட்டி வெட்டி இழுத்தது, காற்றாகவும் இருக்கலாம். மேலே பார்க்க முயன்றார், தலை கிறுகிறுத்தது, கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். தானியக் கிடங்கு வந்து போயிற்று. லாரிகள் வந்து போயின. பிறகு நோரீன். கை துடைப்பதை விட்டுவிட்டு அவள் புல்லில் இறங்கியிருந்தாள், முகம் அண்ணாந்திருந்தது. அடுத்த சுற்றில் இன்னும் கிட்டத்தில் இருந்தாள். பக்கத்தில் ரோஸ்கோ இருக்கிறாரா என்று பார்ப்பதற்குள் முகம் நழுவி, மறுபடி கிடங்கு வந்தது.

"வால்தான் முன்னால வருது லீலண்ட்" என்றாள் நோரீன்.

எதையும் பூசி மெழுகாத குரல். பழைய நாட்களில் சொல்லுவாளே, அதே குரல். உண்மையாக இருந்தால் இப்படித்தான் சொல்லுவாள். உண்மையில்லாவிட்டாலும் இப்படித்தான் சொல்லத் தெரியும் அவளுக்கு. மைதானத்தில் வேறு யாரும் ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் சுற்றிக்கொண்டே இருந்தார். தோள் வலித்தது. நிறுத்தினால் அது கீழே வரும். கீழே வந்தால் யாராவது வாங்கியாக வேண்டும்.

"கயித்தை விட்டுடாதே" என்றாள். "மெதுவாக் குறை. நான் புடிச்சுக்கறேன்."

கிடங்கு, லாரிகள், நாற்காலிகள். பிறகு வட்டத்தின் விளிம்பில், ராக்கெட்டின் நிழல் தன்மேல் விழுந்து விழுந்து போகும் இடத்தில், சில்லிக் கறை படிந்த ஏப்ரனோடு இரண்டு கைகளையும் ஏந்தியபடி அவள். அவர் இன்னொரு சுற்றுச் சுற்றினார். கைகள் அங்கேயே இருந்தன, மூக்குக்கு ஒன்றும் இறக்கைக்கு ஒன்றுமாக, சுண்டுவிரல் கொஞ்சம் தூக்கியபடி.